எழுவைதீவுக்கு எந்த லென்ஸ்?

எழுவைதீவை நடந்தே பார்த்துவிடலாம். ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளத்தில் போய் இறங்கினால், வேலிகளுக்கு நடுவே ஓடும் ஒழுங்கைகளும், கரையில் இழுத்துவிட்ட வள்ளங்களும், பனைகளும்தான் கண்ணில் படும். பை நிறையக் கருவிகளைச் சுமந்துகொண்டு போகிற இடமல்ல அது. தோளில் ஒரு கமரா, அதில் ஒரு லென்ஸ் போதும். அந்த ஒரு லென்ஸ் எது என்பதுதான் கேள்வி. கமரா ரேஞ்ச்பைண்டர் வகையாக இருந்தால் மற்றக் கமராக்காரருக்குச் சொல்லும் விடை இங்கே பொருந்தாது.

காரணம் கமராவின் அமைப்பில் இருக்கிறது. கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்; பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். பின்னணிக்கு முன்னால் விரல் இடம் மாறித் தெரியும். கையை நீட்டி விரலைத் தள்ளிப் பிடித்தால் அந்த இடமாற்றம் குறையும். இந்த இடமாற்றத்தை வைத்தே ரேஞ்ச்பைண்டர் தூரத்தைக் கணிக்கிறது. லைக்கா எம் வரிசைக் கமராக்களின் முகப்பில் இரண்டு சிறு ஜன்னல்கள் இருக்கும். அவற்றுக்கிடையே 69.25 மில்லிமீற்றர் இடைவெளி. ஒரு ஜன்னலின் காட்சி முழுதாகத் தெரிய, மற்றதன் காட்சி அதன் நடுவில் சிறிய நீள்சதுரமாக வந்து விழும். லென்ஸின் வளையத்தைத் திருப்பினால் அதன் பின்விளிம்பு கமராவுக்குள் இருக்கும் சிறு உருளையைத் தள்ளும். அந்த அசைவில் நீள்சதுரத்துக்குள் இரட்டையாகத் தெரிந்த உருவம் மெல்ல நகர்ந்து ஒன்றோடொன்று சேரும். சேர்ந்த இடத்தில் படம் கூர்மை.

ஆக, படம் பிடிப்பவர் லென்ஸின் வழியாகப் பார்ப்பதேயில்லை. எந்த லென்ஸைப் பூட்டினாலும் ஜன்னலில் தெரியும் காட்சி ஒரே அளவுதான். படத்தில் எது விழும் என்பதை வெள்ளைக் கோடுகளால் ஆன சட்டம் காட்டும். லென்ஸின் குவிய நீளப்படி, 28 மி.மீ.உடன் 90, 35உடன் 135, 50உடன் 75 என்று சோடி சோடியாக அந்தக் கோடுகள் தோன்றும். சட்டத்துக்கு வெளியே நடப்பதும் தெரிவதுதான் இந்தக் கமராவின் பெரிய வரம். ஒழுங்கை முனையில் திரும்பும் சைக்கிள் சட்டத்துக்குள் நுழையுமுன்னரே அதைக் கண்டு தயாராகலாம். ஆனால் இழுத்துச் சுருக்கும் சூம் லென்ஸை இந்த அமைப்போடு இணைப்பது கடினம். லைக்காவே செய்த ட்ரை-எல்மார் கூட மூன்று குறித்த நிலைகளில் மட்டும் நிற்பது. ரேஞ்ச்பைண்டர் வைத்திருப்பவருக்கு ஒரே நீளமுள்ள லென்ஸ்தான் துணை. எந்த நீளம் என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு புறப்பட வேண்டும்.

இந்த முறை பழையது. ஓஸ்கார் பார்னாக் வடிவமைத்த லைக்கா 1925இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமானது. ரேஞ்ச்பைண்டரும் காட்சி ஜன்னலும் ஒன்றான எம் 3, 1954இல் வந்தது. டிஜிட்டலில் முதலாவது, 2004இல் ஜப்பானின் எப்சன் வெளியிட்ட ஆர்-டி 1. அதன்பின் லைக்காவின் எம் 8 (2006), எம் 9 (2009), எம் 10 (2017), எம் 11 (2022). இவற்றில் எம் 9 முதலானவற்றின் சென்சார், பழைய 35 மி.மீ. பிலிமின் அளவே: அகலம் 36 மில்லிமீற்றர், உயரம் 24.

அந்த 36 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் லென்ஸ் நீளங்களின் கணக்கு எளிதாகிவிடும். 35 மி.மீ. லென்ஸ் எவ்வளவு தூரத்தில் பார்க்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு அகலத்தைப் படத்தில் அடக்கும். மூன்று மீற்றர் தள்ளி நின்றால் மூன்று மீற்றர் அகலம். 50 அதே இடத்திலிருந்து 2.16 மீற்றரை அடக்கும். 28 கிட்டத்தட்ட 3.9 மீற்றரை. 90 மி.மீ. லென்ஸுக்குக் கிடைப்பது 1.2 மீற்றர்தான்.

இதை எழுவைதீவு வள்ளத்தில் வைத்துப் பாருங்கள். எதிர்ப் பலகையில் ஒரு அம்மா மடியில் கூடையுடன் இருக்கிறா. உங்களுக்கும் அவவுக்கும் ஒன்றேகால் மீற்றர்கூட இருக்காது. 50 மி.மீ. லென்ஸில் முகமும் தோளும் வரும், கூடை வெட்டுப்படும். 28இல் கூடையும் வரும், பக்கத்தில் இருப்பவர்களின் பாதி உடல்களும் சேர்ந்து வரும். விளிம்பில் விழும் முகம் இழுபட்டு அகலும். 35இல் கமராவை நெடுக்காகப் பிடித்தால் முகம், கை, கூடை மூன்றும் நிற்கும். கரையேறி ஒழுங்கைக்குள் நடந்தாலும் இதே தூரங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். படலையில் நின்று பேசும் ஐயா, வேலியோரம் கட்டிய ஆடு, வலை தைக்கும் கைகள் எல்லாம் ஒன்றரை மீற்றருக்கும் நான்கு மீற்றருக்கும் இடையில் கிடைப்பவை. அந்த எல்லைக்குள் 35க்கு நிகரில்லை என்பது என் தீர்ப்பு.

50ஐக் குறைத்துச் சொல்லவில்லை. புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை லைக்காவில் ஒரு 50 மி.மீ. லென்ஸோடுதான் நடந்து கழித்தார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி சமாதியானபோது திருவண்ணாமலையில் அவர் இருந்தார். இறுதி நாட்களில் மகரிஷியைப் படமும் எடுத்தார். 50 வேண்டாததை வெட்டிவிடும். நின்று, காத்திருந்து, ஒரே ஒரு விடயத்தைச் சொல்ல விரும்புகிறவருக்கு அது உகந்தது. குறுகிய இடத்தில் பின்னால் நகர வழியில்லாதபோதுதான் கையைக் கட்டிவிடும். வள்ளத்தில் பின்னால் நகர்ந்தால் கடல்!

28இன் சிக்கல் வேறு. எம் கமராக்களின் ஜன்னலில் 28க்கான சட்டம் ஓரத்தோடு ஓரமாக நிற்கும். மூக்குக்கண்ணாடி போட்டவர் கண்ணை அங்குமிங்கும் உருட்டித்தான் நான்கு மூலைகளையும் காண முடியும். சட்டத்துக்கு வெளியே பார்க்கலாம் என்ற வரமும் அதோடு போய்விடும். 90ஐப் பொறுத்தவரை, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே தண்ணீரில் நிற்கும் கடற்கோட்டையைக் கரையிலிருந்து எடுக்க அது உதவும். 35இல் கோட்டை சிறியதாகவே விழும். அந்த ஒரு படத்துக்காக நாள் முழுவதும் இன்னொரு லென்ஸைச் சுமப்பது வீண் என்றே நினைக்கிறேன். எம் லென்ஸ்கள் பெரும்பாலும் 70 சென்டிமீற்றரைவிடக் கிட்டப் போகா என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூவும் நண்டும் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது ஏற்ற கமரா அல்ல.

நீளம் முடிவானதும் வெளிச்சத்தின் கேள்வி வரும். எஃப் 1.4 லென்ஸ் எஃப் 2.8 லென்ஸைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். விலையும் பருமனும் அதற்கேற்பக் கூடும். ஆனால் தீவின் பகல் வெய்யிலைக் கணக்கிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 200, எஃப் 8 என்று வைத்தாலே ஷட்டர் நொடியின் எண்ணூறில் ஒரு பங்கில் ஓட வேண்டும். எஃப் 4க்குத் திறந்தால் மூவாயிரத்து இருநூறில் ஒரு பங்கு. எம் 9, எம் 10 ஆகியவற்றின் ஷட்டருக்கு நாலாயிரத்தில் ஒரு பங்கே எல்லை. ஆகவே அந்த வெய்யிலில், கறுப்புக் கண்ணாடி வடிகட்டி போடாமல் 1.4ஐத் திறக்கவே முடியாது. எம் 11இன் மின்னணு ஷட்டர் அதைவிட வேகமாக ஓடும். ஆனால் வேகமாக அசையும் பொருள்களை அது வளைத்துக் காட்டிவிடும். எழுவைதீவின் மின் நிலையத்தில் சூரியத் தகடுகளோடு காற்றாலையும் உண்டு. அதன் சுழலும் இறக்கைகளை எடுக்கும்போது பழைய பொறிமுறை ஷட்டரையே நம்புங்கள்.

பெரிய லென்ஸுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஜன்னல் கமராவின் மூலையில் இருப்பதால் நீண்டு தடித்த லென்ஸ் காட்சியின் கீழ்மூலையை மறைத்துவிடும். சிறிய லென்ஸ் மறைப்பதில்லை. ஜப்பானின் கோசினா நிறுவனம் ஃபோய்க்ட்லெண்டர் என்ற பெயரில் செய்த கலர்-ஸ்கோபார் 35 எஃப் 2.5 வெறும் 134 கிராம். ட்சைஸ் பெயரில் வரும் சி பியோகோன் 35 எஃப் 2.8உம் சிறியது, கூர்மையில் சிறந்தது. லைக்காவின் சுமிக்ரோன் 35 எஃப் 2, 1958 முதல் பல வடிவங்களில் வருகிறது. விலைதான் பெரும்பாலோருக்கு எட்டாது. முன்னிரண்டில் ஒன்றை வாங்கியவர் எதையும் இழந்துவிட்டதாகக் கவலைப்படத் தேவையில்லை. எம் 9 போன்ற பழைய சென்சார் இருட்டில் சற்றுத் திணறும் என்பதால், மாலைப் பூசையையும் விளக்கொளியையும் விரும்பி எடுப்பவர் எஃப் 2 லென்ஸைத் தேடலாம்.

எஃப் 8 என்றதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. 35 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்து மூன்று மீற்றருக்குக் குவித்தால், ஏறத்தாழ 1.9 மீற்றரிலிருந்து ஏழு மீற்றர்வரை எல்லாம் போதிய கூர்மையோடு வரும். 50க்கு அதே நிலையில் கிடைப்பது 2.3 முதல் 4.2 மீற்றர்வரைதான். எனவே 35ஐ முன்கூட்டியே மூன்று மீற்றரில் வைத்துவிட்டு, குவியத்தை மறந்து நடக்கலாம். கமராவைக் கண்ணுக்கு உயர்த்தியதும் அழுத்தலாம். லென்ஸின் மேல் பொறித்திருக்கும் ஆழ அளவுகோல் பிலிம் காலத்துக் கணக்கு. எம் 11இன் 60 மெகாபிக்சல் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர் எஃப் 8இல் எடுக்கும்போது எஃப் 5.6க்கான கோடுகளை நம்புவது நல்லது.

டிஜிட்டலுக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. ரேஞ்ச்பைண்டரில் எதிரொளிக்கும் ஆடி இல்லாததால் அகலக்கோண லென்ஸின் பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் வரலாம். அப்போது மூலைகளில் ஒளி மிகச் சாய்வாக விழும். பிலிம் அதைப் பொறுத்துக்கொண்டது. சென்சார் பொறுப்பதில்லை, மூலைகள் இருண்டு, நிறமும் மாறும். இதைக் குறைக்கத்தான் எம் சென்சாரின் ஓரங்களில் நுண்வில்லைகளை நடுப்பக்கமாக நகர்த்தி வைத்தார்கள். லென்ஸின் அடி வளையத்தில் ஆறு புள்ளிக் குறியீடு இட்டு, எந்த லென்ஸ் என்று கமரா அறிந்து திருத்தவும் வழி செய்தார்கள். 15, 21 போன்ற அகல லென்ஸ்களில் இந்தக் குறை பெரிது. 35இல் அநேகமாகத் தெரியாது.

சிறிய சென்சார் உள்ள கமராவாக இருந்தால் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். எம் 8இல் 28 மி.மீ. லென்ஸ் 37 போலப் பார்க்கும். ஆர்-டி 1இல் அது 43 போலாகும். அவற்றுக்கு 28தான் தினசரி லென்ஸ். எம் 8 வைத்திருப்பவர் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியைப் போடாவிட்டால் சில கறுப்புத் துணிகள் ஊதா நிறத்தில் விழும். பழைய எம் 9 வாங்குபவர் எஃப் 16இல் வானத்தை எடுத்து, சிறு வளையப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். சென்சாரை மூடிய கண்ணாடி அரிபடும் குறை அது. 2014இல் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு, பின்னர் புதிய வகைச் சென்சாரை மாற்றிக்கொடுத்தது. மாற்றாத கமராவைத் தீவுக் காற்றுள்ள ஊரில் இருப்பவர் வாங்க வேண்டாம்.

கடலில் போகும்போது லென்ஸைக் கழற்றாதீர்கள். முன்னால் ஒரு வெற்றுக் கண்ணாடி வடிகட்டி போடுங்கள். மேலே சொன்ன சிறிய லென்ஸ்கள் சிலவற்றுக்கு 39 மி.மீ. அளவு போதும். உப்பு காய்ந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் பூச்சு கீறுபடும். முதலில் ஊதித் தட்டி, பிறகு சற்றே ஈரமாக்கிய மென்துணியால் ஒற்றி எடுங்கள். வள்ளத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி, தொலைவில் தெரியும் ஒரு பனையைப் பாருங்கள். இரட்டை உருவம் ஒன்றாகச் சேரவில்லை என்றால் ரேஞ்ச்பைண்டர் பிசகியிருக்கிறது, பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கவேண்டியதுதான்.

வாங்குமுன் இன்னொன்று செய்யுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி நின்று, சுவரில் மூன்று மீற்றர் அகலத்தையும் 2.16 மீற்றர் அகலத்தையும் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். பிள்ளைகள் அந்தச் சுவருக்கு முன் விளையாடும்போது உங்கள் கண் எந்தக் குறிக்குள் தானாக நிற்கிறது என்று சில நாள் கவனியுங்கள். சிறிய குறிக்குள் நின்றால் என் பேச்சைக் கேட்காமல் 50 வாங்குங்கள். பெரிய குறிக்குள் நின்றால் ஒரு சிறிய 35, வேறெதுவும் வேண்டாம்.