சுட்டவரை மறைக்கும் வாக்கியம்

ஒரு செய்தியில் பொய்யான தகவல் எதுவுமே இல்லாதிருந்தும் அதில் பக்ஷபாதம் குடிகொண்டிருக்கக் கூடும் என்பதை உபதேசமாகச் சொன்னால் மாணாக்கர் மனத்தில் பதிவதில்லை. ஒரே சம்பவத்தைப் பற்றிய இரண்டு செய்திகளை அருகருகே வைத்து வாசிக்கச் செய்தால்தான் பதிகிறது.

அதற்கு உகந்த உதாரணம் ஒன்று உண்டு. 1975-ஆம் வருஷம் ஜூன் 1-ஆம் தேதி, வெள்ளைச் சிறுபான்மையினர் ஆண்டுகொண்டிருந்த ரொடீஷியாவின் தலைநகரமும் இன்று ஹராரே என வழங்குவதுமான சாலிஸ்பரியில், ஹைஃபீல்டு என்னும் ஆப்பிரிக்கர் குடியிருப்பிலே கூடிய ஜனங்களைப் போலீசார் சுட்டனர். மறுநாள் லண்டன் ‘டைம்ஸ்’ தன் தலைப்பில், கலகம் செய்த கறுப்பர்களை முன்னே நிறுத்தி, அவர்கள் கொல்லப்பட்டதைச் சொன்ன பிறகே போலீசாரைக் குறிப்பிட்டது. ‘கார்டியனோ’ போலீசாரையே எழுவாயாக்கி, அவர்கள் 11 பேரைச் சுட்டுக் கொன்றதாகத் தொடங்கிற்று. அதற்கும் அடுத்த நாள் ‘டைம்ஸ்’ செய்தியில் கலகத்தில் 13 பேர் கொல்லப்பட்டனர் என்ற அளவுக்கு வாக்கியம் சுருங்கி, சுட்டவர்கள் அடியோடு காணாமற் போயினர். 1979-இல் வெளிவந்த ‘லாங்குவேஜ் அண்ட் கன்ட்ரோல்’ என்ற நூலில் டோனி ட்ரூ இந்த மறைவைப் படிப்படியாக ஆராய்ந்து காட்டினார்.

தமிழிலே இக்காரியம் இன்னும் சுலபம். ‘துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் பலி’ என்று எழுதிவிட்டால், செயப்பாட்டுவினையின் உதவிகூட இல்லாமலே சுட்டவர் மறைந்துவிடுகிறார். தலைப்புக்கு இடம் போதாது என்ற சமாதானம் இங்கே செல்லாது; ‘போலீசார் சுட்டு 11 பேர் பலி’ என்பதற்கு ஒரு சொல்கூட அதிகமாகச் செலவாவதில்லை.

இத்தகைய செய்தியை மாணாக்கரைக் கொண்டு திருத்தி எழுதச் செய்யும் வேலைதான் கடினமானது. அநீதியைக் கண்டு கொதிக்கும் மாணாக்கன் ‘கலகக்காரர்’ என்பதை அடித்துவிட்டு ‘தியாகிகள்’ என்று எழுதிவிடுகிறான். அவனுடைய ஆவேசம் போற்றத்தக்கதே, ஆனால் தராசு மறுபுறம் சாய்ந்ததேயன்றி நேராகவில்லை. கூட்டம் செய்தது என்ன, கல்லெறிந்ததா, வழிமறித்ததா, அதைக் கண்டவர் யார் என்று ஆசிரியர் அவனை விசாரிக்க வேண்டும். ‘கலகம்’ என்பது போலீசாரின் கூற்றானால் ‘என்று போலீசார் கூறினர்’ என முடிக்கப் பழக்க வேண்டும். ‘கார்டியன்’ தலைப்பிலும் ‘கலகம்’ என்ற சொல் இருந்ததையும், செய்தியின் முதல் வாக்கியம் மாண்டவர்களை ஆர்ப்பாட்டக்காரர் என்றதையும் அவனே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுவது நலம்.

சுட உத்தரவிட்டவர் யார், முன்னெச்சரிக்கை செய்யப்பட்டதா என்பன செய்தியிலேயே இல்லாவிட்டால், சொற்களை எவ்வளவு மாற்றினாலும் அக்குறை தீராது. அவ்விடங்களில் மாணாக்கன் நிருபருக்குரிய கேள்விகளை ஓரத்தில் எழுதிவைக்கட்டும், அவற்றுக்கும் ஆசிரியர் மதிப்பெண் வழங்கட்டும்.