எள்ளில் பாக்டீரியா இலைப்புள்ளி நோய்: விதையோடு வரும் பகைவன்

மாசிப்பட்டத்தில் விதைத்த எள் நன்றாக வளர்ந்து பூவெடுக்கும் சமயத்தில் இரண்டு நாள் கோடை மழை பெய்கிறது. ஒரு வாரம் கழித்து வயலுக்குப் போய்ப் பார்த்தால் இலைகளில் கரும்பழுப்புப் புள்ளிகள். அடி இலைகள் உதிர்ந்து கிடக்கின்றன. "மழையால் வந்த நோய்" என்று விவசாயி சொல்கிறார். மழை இந்த நோயைக் கொண்டு வருவதில்லை. வயலில் முன்பே இருந்த நோயைப் பரப்புவதுதான் அதன் வேலை. நோயை வயலுக்குள் கொண்டு வருவது பெரும்பாலும் நாம் தூவும் விதையே.

நோயின் அறிகுறிகள்

இது பாக்டீரியா என்னும் நுண்ணுயிரால் வருவது. எள்ளைப் பாக்டீரியா தாக்குவதை 1903-ம் ஆண்டிலேயே பல்கேரியா நாட்டில் கண்டறிந்தனர். முதலில் இலையில் நீரில் நனைந்தது போன்ற சிறு புள்ளிகள் தோன்றும். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த இடம் சற்று ஒளி ஊடுருவித் தெரியும். பிறகு புள்ளிகள் நரம்புகளுக்கு இடையில் கோண வடிவில் பரவிப் பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறும். நோய் முற்றினால் இலைகள் உதிரும்; தண்டிலும் காயிலும் புள்ளிகள் வரும். காயில் வந்த நோய் விதைக்குப் போய்விடும். புள்ளிக்குள் வட்டம் வட்டமாக வளையங்கள் இருந்தால் அது பூஞ்சாண நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

எப்படிப் பரவுகிறது?

பூஞ்சாண வித்துக்களைப் போல இந்தப் பாக்டீரியா காற்றில் மிதந்து வெகுதூரம் போவதில்லை. இலையின் தோலைத் துளைக்கும் சக்தியும் அதற்கு இல்லை. இலையில் ஈரம் நிற்கும்போது, இலைத்துளை வழியாகவோ காயத்தின் வழியாகவோதான் உள்ளே நுழைய முடியும். ஆகவே அது மூன்று வழிகளை நம்பியிருக்கிறது.

முதல் வழி விதை. நோயுள்ள காயிலிருந்து வந்த விதை முளைக்கும்போதே வித்திலைகளில் புள்ளி விழும். ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை தூவுகிறோம். அதில் சிறு பங்கு நோயுள்ளதாக இருந்தாலும் வயலில் பல இடங்களில் நோய்ச் செடிகள் முளைத்துவிடும்.

இரண்டாவது, வயலில் கிடக்கும் பழைய எள் தட்டையும் சருகும். மக்காத சருகில் பாக்டீரியா சில மாதங்கள் உயிரோடு இருக்கும்.

மூன்றாவது தண்ணீரும் நம் கைகளும். நோயுள்ள இலையில் விழும் மழைத்துளி தெறித்து அடுத்த செடியில் படும். தெளிப்பு நீர்ப் பாசனமும் இதையே செய்யும். ஈரம் காயுமுன் களை எடுக்க இறங்கினால் நம் கையும் துணியும் களைக்கொத்தும் நோயைச் சுமந்து செல்லும்.

எள்ளில் பூக்கள் பச்சை இலைகளாக மாறும் நோய் வேறு. அதைத் தத்துப்பூச்சி பரப்புகிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்து மருந்து அடிக்க வேண்டாம்.

விதையில் தொடங்குங்கள்

அறுவடை செய்த எள்ளை ஒன்றாகப் போர் போட்டு, காய வைத்து உதிர்த்து, அதிலிருந்து விதைக்கு எடுப்பது வழக்கம். நோயுள்ள செடியும் நல்ல செடியும் கலந்துவிடுவது இங்கேதான். அறுவடைக்கு முன்பே வயலைச் சுற்றி வந்து, புள்ளி இல்லாத பகுதியை அடையாளம் செய்யுங்கள். அந்தச் செடிகளைத் தனியே அறுத்து, தனியே காய வைத்து, சருகு நீக்கி விதைக்கு வைத்துக் கொள்ளுங்கள். சில சென்ட் பரப்பில் விளைவதே ஒரு ஏக்கர் விதைக்குப் போதும்.

சந்தேகமான விதையை 52 டிகிரி சென்டிகிரேடு சூடுள்ள நீரில் 10 நிமிடம் வைத்திருந்து, எடுத்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம். இதற்கு வெப்பமானி அவசியம். சூடு குறைந்தால் பாக்டீரியா சாகாது. மிஞ்சினால் முளைப்பு கெடும். முதலில் ஒரு பிடி விதையில் செய்து முளைப்பைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

வயலில் செய்ய வேண்டியவை

15-ம் நாளிலும் 30-ம் நாளிலும் செடி கலைக்கிறோம். அப்போது புள்ளி விழுந்த செடிகளை முதலில் பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழியுங்கள். இதற்குத் தனிக் கூலி இல்லை. பனி காய்ந்த பிறகே வயலில் இறங்குங்கள்.

எள் எடுத்த வயலில் அடுத்த பட்டத்தில் மீண்டும் எள் வேண்டாம். "எள்ளுக்கு ஏழு உழவு" என்பார்கள். நன்கு உழுதால் சருகு மண்ணுக்குள் போய் மக்கும்.

நோய் தென்பட்டவுடன் லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் வீதம் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளிக்கலாம். இது நல்ல இலைகளைக் காக்கும். நோய் விழுந்த இலையைக் குணப்படுத்தாது. தெளிக்குமுன் வேளாண்மை அலுவலரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

முன்பு ஸ்ட்ரெப்டோசைக்ளின் மருந்தைச் சிபாரிசு செய்தார்கள். அதில் உள்ள ஸ்ட்ரெப்டோமைசின் மனிதரின் காசநோய்க்கும் கொடுக்கப்படும் மருந்து. பயிரில் மேலும் மேலும் தெளித்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகிவிடும். பயிரில் இதன் உபயோகத்தைத் தடை செய்ய மத்திய அரசு 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது. ஆகவே இதை நம்பி இருக்க வேண்டாம்.

எள் குறைந்த செலவில் கைக்குப் பணம் தரும் பயிர். அதில் மருந்துச் செலவு ஏறினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இந்த அறுவடையில் விதைக்கென்று ஒரு மூலையைத் தனியே ஒதுக்குங்கள். அடுத்த பட்டத்தில் மழை பெய்தாலும் பரப்புவதற்கு நோய் அதிகம் இராது.