கீமோ, ரேடியேஷன் நேரத்தில் புரோபயாட்டிக் கொடுக்கலாமா?

புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்தும் புற்றுநோய் சிகிச்சைக்கு வருகிறார்கள். ரேடியேஷன் ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரத்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, இன்னொருவருக்கு வாயெல்லாம் புண். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் உடனே ஒரு யோசனை வரும்: “புரோபயாட்டிக் வாங்கிக் கொடேன், நல்ல பாக்டீரியாதானே!”

கொடுக்கலாமா? சுருக்கமான பதில்: சிலருக்கு உதவும், சிலருக்கு ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

வாயும் வயிறும் ஏன் பாதிக்கப்படுது?

கீமோவும் ரேடியேஷனும் வேகமாகப் பெருகும் செல்களை அதிகம் தாக்கும். வாயின் உள்தோலும் குடலின் உள்சுவரும் அப்படிப்பட்ட செல்களால் ஆனவை. அதனால் அவையும் அடிபடும். குடலில் வாழும் பாக்டீரியாக்களின் சமநிலையும் குலையும். இதைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் ரேடியேஷனை நடுவில் நிறுத்தினால், நோய் கட்டுப்படும் வாய்ப்பே குறையலாம். பக்கவிளைவைக் கவனிப்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்று சொல்வது இதனால்தான்.

ஆய்வுகள் என்ன சொல்லுது?

டெல்லி எய்ம்ஸில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த 200 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு ‘லாக்டோபேசில்லஸ் பிரெவிஸ் சிடி2’ என்ற பாக்டீரியா உள்ள, வாயில் வைத்துச் சப்பும் மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு டம்மி மாத்திரை. 2012-ல் முடிவு வெளியானது. கடுமையான வாய்ப்புண் டம்மி பிரிவில் 77% பேருக்கு, மாத்திரைப் பிரிவில் 52% பேருக்கு வந்தது. சிகிச்சையை முழுசா முடித்தவர்கள் டம்மி பிரிவில் 70%, மாத்திரைப் பிரிவில் 92%.

ஆனால் 2019-ல் வெளியான சிறிய இத்தாலிய ஆய்வில், நம்ம வீட்டு ஆப்ப சோடாவான சோடியம் பைகார்பனேட் கலந்த தண்ணீரில் வாய் கொப்பளித்தவர்களுக்கும் இதே மாத்திரை எடுத்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வயிற்றுப்போக்கில் நம்பிக்கை கொஞ்சம் கூடுதல். தாய்லாந்தில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்த 63 பெண்களிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. மிதமான அல்லது கடுமையான வயிற்றுப்போக்கு டம்மி பிரிவில் 45%, புரோபயாட்டிக் பிரிவில் 9%. இடுப்புப் பகுதி ரேடியேஷனுக்கு லாக்டோபேசில்லஸ் வகையைப் பரிசீலிக்கலாம் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள்.

யாருக்கு ஆபத்து?

கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறையும். அந்த நேரத்தில் புரோபயாட்டிக்கில் உள்ள உயிருள்ள கிருமியே ரத்தத்தில் கலந்து தொற்று ஏற்படுத்தலாம். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம். கழுத்து, மார்பு வழியாகப் பெரிய ரத்தக்குழாயில் டியூப் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. குறிப்பாக ‘சாக்கரோமைசிஸ்’ ஈஸ்ட் வகை மாத்திரைகளில்.

இம்யூனோதெரபி எடுப்பவர்களும் அவசரப்பட வேண்டாம். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்து 2021-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வில், நார்ச்சத்து போதுமான அளவு சாப்பிட்டவர்களுக்குச் சிகிச்சை நன்றாக வேலை செய்தது. புரோபயாட்டிக் மாத்திரையால் அப்படி ஒரு பலன் தெரியவில்லை.

அப்போ தயிர்?

தயிர் நல்ல உணவு. ஆனால் வீட்டுத் தயிரில் எந்த பாக்டீரியா, எவ்வளவு இருக்கு என்று தெரியாது. ஆய்வு செய்த மாத்திரைக்கு அது மாற்று ஆகாது. வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் தயிர், மோர், பழைய சோறு சாப்பிடலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் கேட்க 4 கேள்விகள்

1. இப்போ வெள்ளை அணு எண்ணிக்கை எவ்வளவு?
2. இந்தப் பக்கவிளைவுக்கு எந்த வகை பாக்டீரியா, எத்தனை நாள்?
3. கூடவே ஆன்டிபயாட்டிக் எடுத்தால் எவ்வளவு இடைவெளி விடணும்?
4. எந்த அறிகுறி வந்தால் உடனே நிறுத்தணும்?

கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நடுராத்திரியாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். என்னென்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.