தெய்வ மரங்கள் – 7: சூரியன்கள் தங்கும் மரம்

சென்ற வாரம் பார்த்த பெஸ்நகர் கற்பகத்தரு, கேட்டதைக் கொடுக்கும் மரம். விழுதுகளுக்கு நடுவே காசு மூட்டைகளைச் செதுக்கி, அந்தக் கொடையைச் சிற்பி கண்ணெதிரே காட்டிவிட்டார். இந்த வாரத்து மரம் சூரியன்களையே தாங்குகிறது. அதை எப்படிச் சிற்பமாக்குவது?

விடை சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், குவாங்ஹான் அருகே உள்ள சான்சிங்துய்யில் கிடைத்தது. 1986 கோடையில் செங்கல்லுக்கு மண் வெட்டியவர்கள் பழம்பொருள் நிறைந்த குழி ஒன்றைக் கண்டார்கள். சில வாரங்களில் பக்கத்திலேயே இரண்டாவது குழி. அதில், எரித்தும் உடைத்தும் புதைத்த பொருள்களுக்கு இடையில் வெண்கல மரங்களின் துண்டுகள் கிடந்தன. 3,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. பல ஆண்டுகள் உழைத்து ஒட்டி நிறுத்தியபோது, பெரிய மரம் 3.96 மீட்டர் உயரம் இருந்தது. உச்சி மட்டும் கிடைக்கவில்லை.

மலைபோல் எழும் பீடத்தின் மேல் நேரான தண்டு. அதில் மூன்று அடுக்கு, அடுக்குக்கு மூன்று கிளைகள். கிளைகள் வளைந்து கீழே தாழ்கின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று கனிகள். மேல்நோக்கி நிற்கும் கனியின்மீது, வளைந்த அலகோடு ஒரு பறவை. ஆக 27 கனிகள், ஒன்பது பறவைகள். தண்டை ஒட்டி, முறுக்கிய கயிறு போன்ற உடலோடு ஒரு டிராகன் தலைகீழாக இறங்கி வருகிறது. தண்டு, கிளை, பறவை எனப் பகுதி பகுதியாக வார்த்து இணைத்திருக்கிறார்கள்.

சீனப் புராணத்தில் கிழக்கே ஃபூசாங் என்றொரு மரம் உண்டு. பத்துச் சூரியன்களில் ஒன்பது கீழ்க்கிளைகளில் தங்கியிருக்க, முறை வந்த ஒன்று மேலே இருக்கும். பறவைதான் சூரியனைச் சுமந்து வானேறும். இந்தக் கதை நூலில் ஏறியது, வெண்கல மரம் மண்ணுக்குள் போய்ப் பல நூற்றாண்டுகள் கழித்து. ஆனாலும் ஒன்பது பறவைகளைக் கண்ட ஆய்வாளர்கள் பலர், இது ஃபூசாங் அல்லது அதன் மூதாதை என்கிறார்கள். பத்தாவது பறவை, காணாமல்போன உச்சியில் இருந்திருக்கலாம் என்பாரும் உண்டு.

என்னை வியக்க வைப்பது வேறொன்று. வட்டமும் ஆரங்களுமாக, சூரியச் சக்கரம் என்று கருதப்படும் வெண்கலப் பொருள்களும் அதே குழியில் கிடைத்தன. சூரியனை வட்டமாக வார்க்கத் தெரிந்தவர்கள்தாம் அவர்கள். ஆனாலும் மரத்தில் பறவையைத்தான் வைத்தார்கள். வட்டத்தைக் கிளையில் மாட்டியிருந்தால் அது வெறும் அணியாகத் தொங்கியிருக்கும். உட்கார்ந்திருக்கும் பறவையைப் பார்த்ததுமே, இது பறக்கப் போகிறது என்று மனம் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. நாளைய விடியல் அந்த எதிர்பார்ப்பில் இருக்கிறது. புராணத்தைச் சிற்பமாக்க அதன் பாத்திரங்களை எல்லாம் வரிசையாக நிறுத்த வேண்டியதில்லை. கதையில் எது நகர்கிறதோ அதைப் பிடித்தால் போதும். சான்சிங்துய் கலைஞர்கள் அதைப் பிடித்தார்கள். அதனால்தான், அவர்கள் எழுதிவைத்த நூல் ஒன்றுகூட நம் கையில் இல்லாதபோதும் இந்த மரம் பேசுகிறது.

அடுத்த வாரம்: நிம்ருத் அரண்மனைச் சுவர்களில் அசீரியர்கள் செதுக்கிய புனித மரம்.

(தொடரும்)