வலியைத் தடுக்கும் நஞ்சு: கூம்பு நத்தையிலிருந்து மருந்து

கூம்பு நத்தை வெப்பமண்டலக் கடல்களில் வாழும் வேட்டையாடி. இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கரைகளை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் இதன் பல இனங்கள் உள்ளன. ஊசி போன்ற உட்குழல் பல்லால் இரையைக் குத்தி நஞ்சைச் செலுத்தும். மனித உயிரைப் பறிக்கக்கூடிய இனங்களும் இருப்பதால் உயிருள்ள நத்தையைக் கையால் எடுக்கக் கூடாது.

இந்த நஞ்சு பல பெப்டைடுகளின் கலவை. பெப்டைடு என்பது சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதத் துண்டு. நஞ்சுப் பெப்டைடைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கமாக மடித்து வைக்கின்றன. நரம்புச் செல்லில் அயனிகள் கடந்து செல்லும் அயனி வாயில்களிலோ, வேதிச் செய்திகளை வாங்கும் ஏற்பிகளிலோ, அந்த வடிவத்துக்கு ஏற்றதில்தான் அது பொருந்தும். நஞ்சை மருந்தாக்குவது இந்தத் தேர்வுத்திறனே.

பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டோமெரோ ஒலிவேராவின் குழு, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கோனஸ் மேகஸ் என்ற இனத்தின் நஞ்சை ஆராய்ந்து, 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைக் கண்டறிந்தது. அது தண்டுவட நரம்புகளின் என்-வகைக் கால்சிய வாயிலை அடைக்கிறது. திரியில் ஓடும் பொறி வெடியை எட்டுமுன் அணைவதுபோல, வலிச் செய்தி மூளையை எட்டுமுன் தண்டுவடத்திலேயே தடைபடுகிறது. அதன் செயற்கை வடிவமான ஸிகோனோடைடு, கடுமையான நாள்பட்ட வலிக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மார்ஃபினைப் போல உடல் இதற்குப் பழகி அளவைக் கூட்டச் செய்வதில்லை. ஆனால் தண்டுவட நீருக்குள் பம்பு மூலம் செலுத்த வேண்டும்; தலைச்சுற்றல், மனக்குழப்பம் போன்ற பக்கவிளைவுகளும் உண்டு.

பெப்டைடை விழுங்கினால் செரிமான நொதிகள் அதை வெட்டிவிடும். இதைத் தவிர்க்க, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் டேவிட் கிரெய்க்கின் குழு, விசி1.1 என்ற நத்தைப் பெப்டைடின் இரு முனைகளையும் 6 அமினோ அமிலங்களால் இணைத்து வளையமாக்கியது. நொதிகள் பிடித்து வெட்டத் திறந்த முனை இல்லாததால் அது உறுதி பெற்றது. வாய்வழி கொடுத்தபோது எலிகளின் நரம்புவலி குறைந்ததை 2010இல் இக்குழு வெளியிட்டது. ஆனால் எலியின் ஏற்பியும் மனிதரின் ஏற்பியும் ஒன்றல்ல; வளையமாக்காத விசி1.1 மனிதச் சோதனைக் கட்டத்திலேயே கைவிடப்பட்டதற்கு அந்த வேறுபாடும் காரணம். ஆகவே நஞ்சை உறுதியாக்குவதோடு மனித ஏற்பிக்குப் பொருத்துவதும் அவசியம்.

இந்தியாவில் கே. எஸ். கிருஷ்ணன், பி. பலராம் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் தென்கிழக்குக் கடற்கரை நத்தைகளை ஆராய்ந்தன. கோனஸ் அமாடிஸ் இனத்திலிருந்து இவர்கள் பிரித்த ஒரு பெப்டைடு, நரம்பின் சோடிய வாயிலை மூடவிடாமல் வைக்கிறது. அது வலிநீக்கி அன்று. வாயில் இயங்கும் விதத்தை ஆராய உதவும் கருவி.

வலி மருந்துக்குத் திரும்பினால், தீக்காயம் ஆறிய பின்னும் நரம்புவலி நீடிப்பது உண்டு. பட்டாசு ஆலை விபத்துகளைக் கண்ட சிவகாசி வட்டாரத்துக்கு இது அயலான செய்தி அன்று. அத்தகைய வலிக்கு நத்தைப் பெப்டைடு இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. வாய்வழி கொடுக்கத்தக்க, மனித நரம்புக்குப் பொருந்தும் வடிவம் கிடைத்தால்தான் பம்பு வைக்கும் பெரிய மருத்துவமனையைத் தாண்டி இம்மருந்து சிற்றூர்களுக்கு வர முடியும்.