நகர மையமும் பொழுதுபோக்கும்: யாழ்ப்பாணத்தை முன்வைத்து ஒரு குறிப்பு

நகர மையத்தின் கலை, பொழுதுபோக்குக் களங்களை ஆராய்கையில், அங்கு எவரெவர் ஒருங்கமர முடிந்தது என்ற வினாவை நாம் தவிர்க்கவியலாது. கிராமத்துக் கோயில் வீதியும் கூத்துக் களரியும் சாதியொழுங்கைப் பெரிதும் பிரதிபலித்தன. திரையரங்கிலோ இருக்கையை நுழைவுச்சீட்டின் விலையே தீர்மானித்தது. தமிழ்ச் சினிமாவை ஆராய்ந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் சுட்டிய இவ்வியல்பு, யாழ்ப்பாண நகரின் வின்சர், றீகல் முதலிய அரங்குகளுக்கும் பொருந்துவதாகும். எனினும், பிறப்பு வகித்த இடத்தைப் பணம் கைப்பற்றிக்கொண்டமையையும் நாம் மறத்தலாகாது.

இவ்விரு தடைகளையும் கடக்கும் வாய்ப்பு முற்றவெளி, பொது நூலகம் போன்ற பொதுக் களங்களிலேயே இருந்தது. 1981இல் நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களுடன் மக்கள் கூடும் களமொன்றும் அழிந்தது. பின்னர் நூலகம் மீளக் கட்டியெழுப்பப்பட்டது. அதனருகே இந்திய நிதியுதவியுடன் அமைந்த 11 மாடிப் பண்பாட்டு மையம் 2023 பெப்ரவரியில் கையளிக்கப்பட்டது. கூலித் தொழிலாளி ஒருவர் தயக்கமின்றி அதன் வாயிலைக் கடந்து கலைகளை நுகர முடிகின்றதா என்பதைக் கொண்டே அம்மையத்தின் சமூகப் பயனை மதிப்பிடல் வேண்டுமெனக் கருதுகின்றோம்.