முந்தினால் கொடுக்கும், பிந்தினால் வாங்கும்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 2025 ஜூனில் தொடங்கப்பட்ட கார்ப் பகிர்வுத் திட்டம் ஒன்று, ஓடும் மின்நிலையங்கள் வந்துவிட்டன என்ற ஆரவாரத்தோடு செய்திகளில் உலா வந்தது. ஆரவாரத்தைக் கழித்துவிட்டால் எஞ்சும் விவரம் சிறியதே. நகராட்சி, ரெனோ கார் நிறுவனம், வி டிரைவ் சோலார் என்ற உள்ளூர் நிறுவனம், மைவீல்ஸ் என்ற கார்ப் பகிர்வு நிறுவனம் ஆகியவை கூட்டுச்சேர்ந்து, முதலில் 50 மின்கார்களையும் படிப்படியாக 500 கார்களையும் தெருவோர மின்னேற்றக் கம்பங்களில் இணைக்கின்றன. அக்கார்கள் மின்வலையிலிருந்து மின்சாரத்தை வாங்குவதோடு நில்லாமல், வேண்டும்போது அதைத் திருப்பியும் கொடுக்கின்றன.

இதன் முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிற்கும் காரின் மின்கலத்தை மின்வலையின் சேமிப்பாகப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவின் வில்லெட் கெம்ப்டனும் ஸ்டீவன் லெடென்ட்ரேயும் 1997இலேயே எழுதிவிட்டனர். எரிசக்தி, போக்குவரத்து, தகவல் தொடர்பு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் நகரங்களையும் தொழில் நிறுவனங்களையும் கூட்டாளிகளாக்கும் சீர்மிகு நகரத் திட்டம் ஒன்றை ஐரோப்பிய ஆணையம் 2012 ஜூலையில் அறிவித்தது. முதலில் செய்துகாட்டும் நகரங்களுக்குக் கலங்கரை நகரங்கள் என்றும், அவற்றைப் பார்த்துச் செய்யவேண்டியவற்றுக்குப் பின்தொடரும் நகரங்கள் என்றும் பெயர். 2017இல் தொடங்கிய ஐரிஸ் என்ற திட்டத்தில் உட்ரெக்ட், கோதன்பர்க், நீஸ் ஆகிய மூன்றும் கலங்கரைகளாயின. 2019 மார்ச்சில் உட்ரெக்டின் லொம்போக் குடியிருப்பில் இருதிசை மின்னேற்றத்தை நெதர்லாந்து மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் தொடங்கிவைத்தார். இத்தகைய திட்டங்களின் அறிக்கைகளில் விழாப் படங்கள் தாராளமாகக் கிடைக்கும். ஒரே கம்பி வழியாக மின்சாரம் எப்படி இருதிசையிலும் செல்கிறது என்ற விளக்கம் அபூர்வமாகவே கிடைக்கும்.

மின்வலையில் ஓடுவது மாறுதிசை மின்சாரம். மின்கலத்தில் இருப்பது நேர்திசை மின்சாரம். சாதாரண மின்னேற்றியில் இவ்விரண்டுக்கும் இடையே டையோடுகள் அமர்ந்திருப்பதால் மின்சாரம் உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. டையோடுகளுக்குப் பதிலாக, நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் டிரான்சிஸ்டர்களை வைத்தால், அதே சுற்று மின்கலத்தின் நேர்திசை மின்னழுத்தத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, துண்டுகளின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும், மின்வலையின் அலையைப் போலவே நொடிக்கு 50 சுற்று கொண்ட ஓர் அலையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இந்தச் சொந்த அலைக்கும் மின்வலையின் அலைக்கும் நடுவில், ஓட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் கம்பிச்சுருளான மின்தூண்டி ஒன்று இருக்கிறது. இனி நடப்பதுதான் வியப்புக்குரியது.

மின்னழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத்தான் ஆற்றல் பாயும் என்று எண்ணத் தோன்றும். நேர்திசை மின்சாரத்தில் அது உண்மை. ஆனால் நடுவே மின்தூண்டி இருக்கும் மாறுதிசைச் சுற்றில், ஆற்றல் பாயும் திசையை முதன்மையாக முடிவுசெய்வது அலைகளின் உயரமன்று, அவற்றின் கட்ட வேறுபாடு, அதாவது எந்த அலை முன்னதாக உச்சத்தைத் தொடுகிறது என்பதே. இரண்டு அலைகளும் ஒரே உயரத்தில் இருந்தாலும், காரின் அலை சற்றே முந்தினால் ஆற்றல் காரிலிருந்து மின்வலைக்குச் செல்கிறது. சற்றே பிந்தினால் மின்வலையிலிருந்து காருக்கு வருகிறது. சேர்ந்தே நடந்தால் எந்தப் பக்கமும் போவதில்லை. முந்தவேண்டிய அளவும் ஒருசில பாகைகளே. 50 சுற்றுக் கணக்கில் ஒரு பாகை என்பது ஒரு நொடியின் 18,000இல் ஒரு பங்கு. அந்த இமைப்பொழுதுக்கும் குறைவான நேரத்தைக் கணித்து முன்னே தள்ளினால் கொடுப்பவர், பின்னே இழுத்தால் வாங்குபவர். திசையை மாற்ற எந்தக் கம்பியையும் பிடுங்கிச் செருக வேண்டியதில்லை, எந்தப் பாகமும் அசைவதில்லை. மின்வலையின் அலையை ஓயாமல் கவனித்து அதனோடு தன்னைப் பூட்டிக்கொள்ளும் மென்பொருள் ஒன்று இதைப் பார்த்துக்கொள்கிறது. பழுது நீக்குவதற்காகத் தெருவின் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கும்போது காரின் மின்சாரம் ஊழியரைத் தாக்கிவிடக் கூடாதல்லவா? ஆகவே மின்வலையின் அலை மறைந்த மறுகணமே கொடுப்பதை நிறுத்திவிடவேண்டிய பொறுப்பும் அம்மென்பொருளுடையதே.

இதன் பொருளாதாரத்தை வீட்டு நெற்குதிர் ஒன்றைக் கொண்டு விளக்கலாம். நண்பகலில் கூரைச் சூரியத் தகடுகள் தேவைக்கு மிஞ்சித் தரும் மின்சாரம் களத்து நெல் என்றால், அதைக் கொட்டிவைத்து மாலையில் ஊரே விளக்கும் அடுப்பும் ஏற்றும்போது அள்ளித்தரும் குதிர் கார். ஆனால் இக்குதிருக்குச் சக்கரம் உண்டு. காலையில் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்விடும். போவதற்கான விதைநெல்லை அடியில் தொடாமல் விடவேண்டும். கொட்டும்போதும் அள்ளும்போதும் சிந்துவது போக, அள்ளிய ஒவ்வொரு முறையும் குதிரின் சுவர் சிறிது உதிர்கிறது. மரக்கால் பிடித்து அளப்பவருக்குக் கூலி உண்டு. காரில் ஏற்றும்போது ஒருமுறையும், திரும்பிவந்த அதே மின்சாரத்தை அண்டை வீட்டார் பயன்படுத்தும்போது மறுமுறையும் எரிசக்தி வரி விழும் சிக்கல் நெதர்லாந்தில் நெடுநாள் பேசப்பட்டதால், களத்துமேட்டில் இரண்டு தண்டல்காரர்கள் நிற்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒப்புமை இதற்குமேல் தாங்காது. ஏனெனில் நிறைந்து கிடப்பதால் எந்தக் குதிரும் கெடுவதில்லை, லித்தியம் அயனி மின்கலமோ நிறைந்தே கிடந்தால் விரைந்து முதுமையடைகிறது. 2017இல் ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திருப்பிக் கொடுப்பது மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும் என்றும், இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிந்து செய்தால் ஆயுளை நீட்டிக்கவும் கூடும் என்றும் எழுதியதற்கு இதுவே காரணம். முன்னது அடிக்கடி அள்ளும் தேய்மானத்தைக் கணக்கிட்டது. பின்னது நிறைந்து கிடக்கும் நேரத்தைக் குறைப்பதன் ஆதாயத்தையும் சேர்த்துக்கொண்டது.

ஓடும் மின்நிலையம் என்ற பேச்சைக் கணக்கால் அளந்து பார்க்கலாம். ஒரு கார் 11 கிலோவாட் வீதம் கொடுத்தால் 500 கார்களும் சேர்ந்து 5.5 மெகாவாட், அது நிலத்தில் நிற்கும் இன்றைய பெரிய காற்றாலை ஒன்றின் உச்சத் திறன். காருக்கு 52 யூனிட் கொள்ளளவு என்று கொண்டு, அதில் பாதியை மட்டும் கொடுக்கலாம் என்றால் மொத்தம் 13,000 யூனிட். நாளொன்றுக்கு ஏழெட்டு யூனிட் செலவிடும் டச்சு வீடுகளில் ஏறத்தாழ 1,700 வீடுகளின் ஒருநாள் தேவை அது. நகரத்தின் மக்கள்தொகையோ மூன்றரை லட்சத்துக்கும் மேல். உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. மூன்றில் ஒரு வீட்டின் கூரையிலாவது சூரியத் தகடு இருக்கும் அந்நாட்டில், நண்பகல் வெள்ளத்தையும் மாலை வறட்சியையும் தெருக்கோடி மின்மாற்றிகள் தாங்கமுடியாமல், புதிய பெரிய இணைப்புகளுக்கு இடமில்லை என்று மின்வலை நிறுவனங்கள் கைவிரிக்கும் நிலை உட்ரெக்ட் மாகாணத்திலும் வந்துவிட்டது. அத்தெருவிலேயே வாங்கி அத்தெருவிலேயே கொடுக்கும் சில பத்துக் கார்கள் அந்த நெரிசலைத் தளர்த்த முடியும்.

நொடியின் 18,000இல் ஒரு பங்கைக் கணிக்கும் கலை கைக்கு வந்தபின்னும் இத்தனை ஆண்டுகள் ஏன் ஆயின என்றால், தாமதம் கூட்டாளிகளிடையேதான். காரும் கம்பமும் பேசிக்கொள்ளும் மொழியான ஐஎஸ்ஓ 15118 தரம், இருதிசை மின்னேற்றத்தை முழுமையாகச் சேர்த்துக்கொண்டது 2022இல்தான். நேர்திசையையும் மாறுதிசையையும் ஒன்றிலிருந்து மற்றதாக்கும் அந்தச் சுற்று காருக்குள்ளேயே இருந்தால் கம்பம் மலிவாகும். ஆனால் அப்போது கார் நாட்டுக்கு நாடு மாறும் மின்வலை விதிகளையெல்லாம் சுமந்து திரியவேண்டும். கலங்கரைகளைப் பற்றி ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2023இல் வெளியிட்ட அறிக்கையும், கண்கூடான தீர்வுகள் கிடைத்திருப்பதை ஒப்புக்கொண்டுவிட்டு, முயற்சிகள் சிதறிக்கிடப்பதால் அவை பிற நகரங்களுக்குப் பரவுவது கடினமாகிறது என்றே சொன்னது.

உட்ரெக்ட் கூட்டணி தனியார் கார்களை விட்டுப் பகிர்வுக் கார்களில் தொடங்கியது விவேகமான தேர்வு. முன்பதிவு செய்யப்படும் கார் எப்போது கிளம்பும் என்பது மென்பொருளுக்கு முன்கூட்டியே தெரியும், விதைநெல்லின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். கூரை மின்சாரத்தை மின்வலைக்குக் கொடுத்து, கொடுத்த அளவைப் பின்னர் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் சலுகை இருக்கும்வரை, தனியாருக்கு மின்வலையே செலவில்லாத சேமிப்பு என்பதால் காரில் சேர்த்துவைக்கத் தூண்டுதல் குறைவு. அச்சலுகை 2027 ஜனவரி 1 அன்று முடிகிறது. அதன்பின் தனியார் கார்களும் வரிசையில் நிற்கக்கூடும். ஆனால் மறுநாள் காலை எத்தனை மணிக்குக் கிளம்பப்போகிறோம் என்பதை அவற்றின் உரிமையாளர்கள் முந்தைய இரவே சொல்லியாக வேண்டும்.